கடி விழும் இடம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாத்தூர் காராச்சேவு, விருதுநகர் பொரிச்ச பரோட்டா. ஒருவர் கட்டியிருக்கும் முழுப் பல் செட் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்பதை இந்த மூன்றையும் வைத்தே சொல்லிவிடலாம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவுக்குப் பல்லே வேண்டாம்; நாக்கும் அண்ணமும் போதும். பொக்கை வாயோடு இருந்த நாளிலும் அதைத் தின்றவர்கள்தான். காராச்சேவு அப்படி இல்லை. கடித்தவுடன் சில்லுசில்லாக உடையும். அதில் ஒரு சில்லு கீழ்ச் செட்டுக்கும் ஈறுக்கும் நடுவே போய் உட்கார்ந்துவிட்டால் அடுத்த கடியில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பரோட்டாவோ மேலே மொறுமொறுத்தாலும் உள்ளே உடைவதே இல்லை. இழுபடும், மடங்கும், நழுவும். சால்னாவில் ஊறவைத்தாலும் கடைவாயில் போட்டு அரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி அரைக்கிற ஒவ்வொரு தடவையும் கீழ்ச் செட் ஒரு பக்கம் எழும்பி எழும்பி உட்காரும்.

வன்னியம்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ போய்ச் செட் கட்டிக்கொண்டு வந்தால், வீட்டில் முதலில் கேட்பது "நல்லா பொருந்துதா?" என்றுதான். ஈறோடு பொருந்துகிறதா என்பதே அந்தக் கேள்வியின் அர்த்தம். ஈறைக் கவ்விப் பிடிப்பது பாதி வேலை. மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒன்றையொன்று எங்கே தொடுகின்றன, எந்தச் சரிவில் தொடுகின்றன, எது முதலில் தொடுகிறது என்பது மீதிப் பாதி. பல் மருத்துவர்கள் இந்தச் சங்கதி முழுவதையும் 'கடி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். கண்ணாடியில் பார்த்தால் இது தெரியாது. முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துப் பார்க்கும்போதும் தெரியாது. மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளையில் தெரியும்.

சொந்தப் பல்லிலிருந்து ஆரம்பிப்போம். அது எலும்பில் ஆணி அடித்ததுபோல் நேராகப் பதிந்திருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சந்து. அந்தச் சந்து முழுக்க நுண்ணிய நார்கள். பல் அந்த நார்களில்தான் தொங்குகிறது. கடிக்கும்போது விழும் பாரத்தை நார்கள் வாங்கி எலும்புக்கு இழுவிசையாக மாற்றிக் கொடுக்கின்றன. அவற்றுக்கிடையே நரம்பு முனைகளும் உண்டு. சோற்றில் ஒரு பொடிக்கல் கிடந்தால் முழுக் கடி விழுவதற்குள் தாடை சட்டென்று நின்றுவிடுகிறதே, அது இந்த நரம்புகளின் உபயம்.

ஒரு தாடையிலுள்ள எல்லாப் பற்களின் நார்ப் பரப்பையும் விரித்தால் சுமார் 45 சதுர சென்டிமீட்டர் வரும். பற்கள் அத்தனையும் போனபிறகு செட் உட்காரக் கிடைக்கும் இடம் மேல் தாடையில் சராசரியாக 23 சதுர சென்டிமீட்டர், கீழ்த் தாடையில் 12. அதிலும் பாரம் வாங்குவதற்கென்று படைக்கப்பட்ட நார் எதுவும் கிடையாது. வழவழப்பான ஈரச் சதை, அதற்கடியில் எலும்பு. மேலே கெட்டியான அக்ரிலிக், கீழே எலும்பு, நடுவில் நசுங்குவது ஈறு. செட் கட்டியவர்களின் அதிகபட்சக் கடிவிசை பல் உள்ளவர்களுடையதில் ஐந்தில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு என்று அளந்திருக்கிறார்கள். தசைக்குத் தெம்பு குறைந்ததால் மட்டும் இப்படி ஆவதில்லை. வலிக்கும் என்று பயந்து வாய் தானாகவே மெதுவாகக் கடிக்கிறது.

கீழ்த் தாடைக்கு இன்னொரு சோதனையும் உண்டு. பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு மேடு வருடா வருடம் கரைந்துகொண்டே போகும். செட் கட்டிய ஒரே ஆட்களை 25 வருடம் பின்தொடர்ந்து டால்கிரென் என்ற ஆய்வாளர் 1972-இல் வெளியிட்ட கணக்குப்படி, மேல் மேட்டைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு கீழ் மேடு கரைகிறது. இடமும் குறைவு, இருக்கிற இடமும் தேய்கிறது, போதாக்குறைக்கு நாக்கு ஒரு பக்கம், கன்னம் ஒரு பக்கம் என்று தள்ளுகின்றன. செட் கட்டியவர்கள் பெரும்பாலும் "கீழ்ச் செட்டுதான் ஆட்டுது" என்று சொல்வது இதனால்தான்.

அடுத்த சங்கடம் சாய்வு. சொந்தப் பற்கள் தனித்தனி ஆட்கள். வலது கடைவாயில் ஒரு பாக்கைக் கடித்தால் இடது கடைவாய்ப் பல்லுக்கு அதைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. செட்டில் 14 பல்லும் ஒரே தகட்டில் உட்கார்ந்திருக்கின்றன. வலப்பக்கம் அழுத்தினால் இடப்பக்கம் கிளம்பும். கொய்யாப் பழத்தை முன்பல்லால் கடித்து இழுத்தால் மேல் செட்டின் பின் ஓரம் அண்ணத்தை விட்டு இறங்கும். அந்தச் சந்தில் காற்று புகுந்தால் பிடி போய்விடும்.

இந்தச் சாய்வை முன்காலத்தில் முரட்டுத்தனமாகச் சமாளித்தார்கள். 1789-இல் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது ஜார்ஜ் வாஷிங்டனுக்கு மிச்சம் இருந்தது ஒரே பல். ஜான் கிரீன்வுட் என்ற பல் வைத்தியர் நீர்யானைத் தந்தத்தில் அவருக்குச் செட் செய்து, மேல் செட்டையும் கீழ்ச் செட்டையும் ஸ்பிரிங் வைத்து இணைத்தார். (மரப்பல் கட்டியிருந்தார் என்பது வெறும் கதை.) ஸ்பிரிங் இரண்டு வரிசையையும் விலக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். செட் விழாது, சரி. ஆனால் வாயை மூடி வைத்திருக்க வேண்டுமானால் தாடையை இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு அவர் விருந்தில் எதை எப்படித் தின்றார் என்று யோசித்தால் பாவமாக இருக்கிறது.

ஸ்பிரிங் இல்லாமல், கடியின் அமைப்பினாலேயே செட்டைச் சாயாமல் வைக்க முடியுமா என்று 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் யோசிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் எதிர்கொண்ட சிக்கலை இப்போதே உங்கள் விரலால் தொட்டுப் பார்க்கலாம். காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு கீழ்த் தாடையை முன்னே நீட்டுங்கள். விரலுக்கடியில் ஒரு குமிழ் நகர்வது தெரியும். அது நேராக முன்னே போவதில்லை. ஒரு சரிவில் இறங்கிக்கொண்டே போகிறது. ஆக, தாடை முன்னே வரும்போது அதன் பின்பகுதி தாழ்கிறது. பற்களை ஒரே மட்டமாக அடுக்கிய செட்டாக இருந்தால், முன்பல்லும் முன்பல்லும் தொடும் வேளையில் கடைவாயில் ஆப்பு வடிவத்தில் ஒரு சந்து திறந்துவிடும். 1905-இல் டென்மார்க்கின் கிறிஸ்டென்சன் இதை விவரித்ததால் இன்றும் அது அவர் பெயரிலேயே வழங்குகிறது. சொந்தப் பல் உள்ளவருக்கு அந்தச் சந்தால் கெடுதி இல்லை. செட்டுக்கு அதுதான் எமன். முன்னால் மட்டும் அழுத்தம், பின்னால் தாங்கல் இல்லை.

இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. கடைவாய்ப் பற்களை மட்டமாக வைக்காமல், பின்னே போகப்போக மெல்ல மேலேறும் வளைவில் அடுக்கிவிடுவது. தாடை சரிவில் இறங்குகிற அளவுக்கு வளைவு ஏறிக்கொடுத்தால் சந்து திறக்காது. தாடை முன்னே போனாலும், வலமோ இடமோ நகர்ந்தாலும் இரண்டு பக்கத்திலும் பல் பல்லைத் தொட்டுக்கொண்டே இருக்கும். இதற்குச் சமநிலைக் கடி என்று பெயர். இதைச் செய்வதற்குத் தாடை அசைவைப் போலவே அசைகிற கருவி வேண்டும், அதுதான் ஆர்ட்டிகுலேட்டர். அமெரிக்காவின் போன்வில் 1858-இலேயே ஒன்றைச் செய்தார். கீழ்த் தாடையின் இரண்டு குமிழ்களையும் முன்பற்களின் நடுவையும் கோடிட்டு இணைத்தால் நாலு நாலு அங்குலத்தில் ஒரு சமபக்க முக்கோணம் வரும் என்பது அவர் கணக்கு. எல்லா முகமும் அவருடைய முக்கோணத்துக்குக் கட்டுப்படவில்லை என்பது பிறகு தெரிந்தது. சூரிச் நகரத்து ஆல்ஃபிரெட் கீசி தன் நீண்ட ஆயுளில் பெரும்பகுதியை இந்த அசைவுகளை அளப்பதிலேயே செலவிட்டார்.

கணக்கைக் கட்டிப்போட்டவர் பல் மருத்துவரே அல்ல, ருடால்ஃப் ஹனாவ் என்ற பொறியாளர். சமநிலைக் கடியை ஐந்து விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்று 1926-இல் எழுதினார்: குமிழ் இறங்கும் சரிவு, முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று கவியும் சரிவு, பல் வரிசையின் மட்டம், அந்த வளைவு, பல் முகட்டின் உயரம். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றை மாற்றியாக வேண்டும். இவற்றில் குமிழ்ச் சரிவு நோயாளியோடு பிறந்தது. அதில் யாரும் கை வைக்க முடியாது. மற்ற நான்கையும் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தலாம். பல் கல்லூரி மாணவர்களை இன்றைக்கும் பாடாய்ப் படுத்துகிற கணக்கு இது. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து நேற்று வந்த கல்லூரி வரை, மெழுகில் பல் அடுக்கிப் பழகாமல் யாரும் வெளியே வந்ததில்லை.

சமநிலை கிடைத்தது. ஆனால் பல்லின் வடிவத்தில் இன்னொரு வம்பு காத்திருந்தது. கீசி 1914-இல் கொண்டுவந்த செயற்கைப் பற்களின் முகட்டுச் சரிவு 33 டிகிரி. பார்வைக்கும் அமைப்புக்கும் இயற்கைப் பல்லைப் போலவே மேடும் பள்ளமும். சரிவான பரப்பின்மேல் நேராக அழுத்தினால் விசையில் ஒரு பகுதி பக்கவாட்டில் கிளம்பிவிடும். பள்ளிக்கூட இயற்பியல்தான். எலும்பு மேடு உயரமாக இருப்பவருக்கு அந்தப் பக்கவாட்டு விசையை மேடே தாங்கிக்கொள்ளும். மேடு கரைந்து தட்டையாகிப்போன தாடையில் தாங்க எதுவும் இல்லை. ஒவ்வொரு கடிக்கும் செட் ஒரு நூல் அளவு வழுக்கும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எத்தனை நூறு கடி! சாயங்காலம் பார்த்தால் ஈறு சிவந்து புண்ணாகியிருக்கும்.

அப்படியானால் சரிவே வேண்டாம், தட்டையான பல்லை வைத்துவிடலாம் என்று ஒரு கட்சி கிளம்பியது. 1920-களில் விக்டர் சியர்ஸ் இயற்கை வடிவத்தைக் கைவிட்ட பற்களைக் கொண்டுவந்தார். 1954-இல் டெவான் இன்னும் ஒரு படி போனார். மேடு பள்ளம் இல்லாத பல், வளைவு இல்லாத மட்டம், பல்லின் அகலத்தையும் எண்ணிக்கையையும் குறைப்பது, பாரம் முழுவதையும் எலும்பு மேட்டின் நடுவில் கொண்டுவந்து இறக்குவது. போன பல்லை அச்சு அசலாகத் திருப்பிக் கொடுப்பதைவிட மிச்சமிருக்கும் எலும்பைக் காப்பாற்றுவதே பெரிது என்பது அவர் கட்சி. 1972-இல் ஜோன்ஸ் இதே வழியை எளிமையாக்கி எழுதினார். அகலம் குறைந்த பல்லில் ஒரு நன்மை நம் புத்திக்கு எட்டாது. பெரிய பல் நன்றாக அரைக்கும் என்றுதான் தோன்றும். உண்மையில், கிடைக்கிற குறைந்த விசை சிறிய பரப்பில் விழும்போதுதான் உணவுக்குள் இறங்குகிறது. அகலப் பல்லில் அதே விசை பரவிப்போய் வீணாகிறது, ஈறுக்கும் பாரம் கூடுகிறது.

தட்டைப் பல் ஆடுகிற தாடைக்கு இதம். ஆனால் அது நசுக்கும், அறுக்காது. கீரைத் தண்டு, கொத்தவரங்காய், ஆட்டுக்கறி எல்லாம் வாய்க்குள் இடம் மாறிக்கொண்டே இருக்கும், விழுங்கும் பதத்துக்கு வராது. வாயைத் திறந்தால் பல் வரிசை மொட்டையாகத் தெரிகிறது என்ற குறையும் சேர்ந்துகொண்டது.

இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு வழி பிறந்தது. அதன் வேரும் கீசியிடம்தான் இருக்கிறது, 1927-இல். 1941-இல் பெய்ன் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்; 1970-இல் பவுண்ட் இன்றைய பெயரைக் கொடுத்தார். தமிழில் உட்புற முகட்டுக் கடி என்று சொல்லலாம். மேல் கடைவாய்ப் பல்லில் கன்னத்துப் பக்கம் ஒரு முகடு, நாக்குப் பக்கம் ஒரு முகடு. கன்னத்துப் பக்க முகட்டைக் கீழ்ப்பல்லில் படாதபடி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தூக்கிவிடுவார்கள். நாக்குப் பக்க முகடு மட்டும் கீழ்ப்பல்லின் நடுவே இருக்கும் ஆழமில்லாத குழியில் இறங்கும். உரலும் உலக்கையும்தான். உலக்கை கூர்மையாகத் தானியத்தில் இறங்கி இடிக்கிறது. உரல் அகன்று இடம் கொடுக்கிறது. உலக்கை அரை அங்குலம் தள்ளி விழுந்தாலும் உரலின் விளிம்பில் மோதுவதில்லை. தாடை எப்போதும் ஒரே புள்ளியில் மூடாத வயதானவர்களுக்கு இந்தத் தாராளம் பெரிய உதவி. கடி உட்பக்கமாக விழுவதால் பாரம் கீழ் எலும்பு மேட்டின் நடுவை நோக்கி இறங்குகிறது, செட் கன்னத்துப் பக்கம் கவிழ்வது குறைகிறது. சிரித்தால் தெரிவது தூக்கிவைத்த வெளிமுகடு. பார்ப்பவருக்கு அது இயற்கைப் பல்லாகத்தான் தெரியும்.

எது சிறந்தது என்பதை வாதாடித் தீர்க்க முடியாது. மென்று பார்க்க வேண்டும். அதற்கான ஆய்வு முறை நமக்கு அந்நியமானதில்லை. மேன்லி, பிரேலி என்ற இருவர் 1950-இல் ஆட்களை உட்காரவைத்து நிலக்கடலையைக் கொடுத்தார்கள். இத்தனை தடவைதான் மெல்லலாம் என்று எண்ணிக்கை வைத்து, மென்றதைத் துப்பச் சொல்லி, சல்லடையில் சலித்து, எவ்வளவு கீழே இறங்கியது என்று அளந்தார்கள். பக்கத்துக் கோவில்பட்டியில் மிட்டாயாகிற கடலை அங்கே ஆய்வுப் பொருள். 1964-இல் கபூரும் சோமனும் இந்த வழியில் பார்த்தபோது, செட் கட்டியவர்களின் மெல்லும் திறன் பல் உள்ளவர்களுடையதில் ஆறில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இந்த எண்ணைச் செட் கட்டப் போகிற ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. பழைய பல் திரும்பி வரும் என்ற நம்பிக்கையோடு போகிறவர்தான் மூன்றாம் வாரம் செட்டைத் தம்ளரில் போட்டு மூடிவைத்துவிடுகிறார்.

கடியின் வகைகளை ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டைச் சொல்கிறேன். 1983-இல் கிளஃப் குழுவினர் 30 பேருக்கு உட்புற முகட்டுக் கடியில் ஒரு செட், தட்டைக் கடியில் ஒரு செட் என்று இரண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் உட்புற முகட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். நன்றாக மெல்ல முடிகிறது, வசதியாக இருக்கிறது, பார்க்கவும் நன்றாயிருக்கிறது என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். 2007-இல் சட்டனும் மெக்கார்டும் ஒரே ஆளுக்கு மூன்று வகைச் செட்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அதிலும் தட்டைப் பல் பின்தங்கியது. உட்புற முகடும், இயற்கைப் பல்லைப் போன்ற முழு முகடும் முன்னே நின்றன.

சமநிலைக் கடியின் கதை கொஞ்சம் சங்கடமானது. நூறு வருடம் அதைப் பிடித்துத் தொங்கியிருக்கிறோம். ஆனால் வாய்க்குள் ஒரு கவளம் நுழைந்தவுடன் ஒரு பக்கப் பற்களுக்கு நடுவே சாப்பாடு வந்துவிடுகிறது. மறுபக்கம் பல் பல்லைத் தொடுவதில்லை. சமநிலை அந்த நேரத்தில் இல்லவே இல்லை. 2003-இல் பெர்லினில் பெரோஸ் குழுவினர், பிறகு பிரேசிலில் ஃபாரியஸ்-நெட்டோவும் கரெய்ரோவும், சமநிலைக் கடியையும் கோரைப்பல் மட்டும் வழிகாட்டுகிற எளிய கடியையும் ஒப்பிட்டார்கள். மெல்லுவதில் சமநிலைக்கு எந்த மேன்மையும் தென்படவில்லை. அதற்காக ஹனாவைக் குப்பையில் போட வேண்டியதில்லை. நாம் நாளெல்லாம் எச்சில் விழுங்குகிறோம், தூக்கக் கலக்கத்தில் பல்லைக் கடிக்கிறோம், பேச்சின் நடுவே வெறும் வாயை மெல்கிறோம். சாப்பாடே இல்லாத அந்தத் தொடல்கள் நிறைய. மேடு கரைந்துபோன தாடைக்கு அந்த வேளைகளில் இருபக்கத் தாங்கல் உதவலாம். உதவி எவ்வளவு என்பதில்தான் வழக்கு. என் கட்சி இது: மேடு நன்றாக இருக்கும் தாடைக்கு எந்தக் கடியும் ஒத்துப்போகும், மேடு போன தாடைக்கு உட்புற முகடு, தாடை மூடும் இடமே நிலையில்லாமல் அலைகிறவர்களுக்கு மட்டும் தட்டை.

கடியின் வகையைவிடத் தாடையின் நிலையும் உயரமும் முக்கியம். இந்த இரண்டும் தவறிப்போனால் உலகத்துக் கடி எதைக் கொண்டுவந்து வைத்தாலும் உட்காராது. பல் போய் வெகுநாள் பொக்கையாக இருந்தவர்கள் ஈறை ஈறோடு ஒட்டவைக்கப் பழகி, தாடையை முன்னே துருத்தி மூடுவார்கள். அந்த நிலையைப் பதிவெடுத்துச் செட் செய்துவிட்டால், மெல்லும்போது தசை தாடையைப் பின்னே இழுக்கும், கடி அங்கே பொருந்தாது. அதனால்தான் மருத்துவர் மெழுகுக் கட்டைகளை வாயில் வைத்துவிட்டு, "பாட்டி, நாக்க மடிச்சு அண்ணத்துக்குப் பின்னால தொடுங்க, தொட்டுக்கிட்டே மெதுவா கடிங்க" என்கிறார். பாட்டி நாக்கை மடிப்பார், கடிக்கும்போது விட்டுவிடுவார். "விட்டுட்டீங்க பாட்டி, இன்னொருக்கா." மெழுகை ஸ்பிரிட் விளக்கில் இளக்கி மறுபடியும். பார்க்கிறவருக்குச் சலிப்பாக இருக்கும். ஆனால் செட்டின் தலையெழுத்து எழுதப்படுவது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

உயரம் என்பது மூக்குக்கும் தாடைக்கும் நடுவே உள்ள தூரம். சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் 2 முதல் 4 மில்லிமீட்டர் விலகியிருக்க வேண்டும். உயரத்தைக் கூட்டிவிட்டால் அந்த ஓய்வு போய்விடும். ஈறு நாள் முழுக்க அழுத்தத்தில் இருக்கும், சாயங்காலம் கன்னத் தசை கடுக்கும், பேசினால் டக் டக் என்று பல் இடிக்கும். இதைக் கண்டுபிடிக்கச் 'ஸ' ஒலி வரும் சொற்களைச் சொல்லச் சொல்வார்கள். அந்த ஒலியில்தான் பற்கள் மிக நெருங்குகின்றன. நம் ஊர்ப் பேச்சில் "சாத்தூர் சேவு" என்று நாலு தடவை சொன்னாலே போதும். உயரம் குறைந்தால் முகம் சுருங்கி, வாயோரம் மடிந்து, மடிப்பில் எச்சில் தேங்கிப் புண்ணாகும். பதினைந்து வருடம் ஒரே செட்டைப் போட்டிருப்பவர்களிடம் இது சகஜம். அக்ரிலிக் பல் தேய்கிறது, ஈறு இறங்குகிறது, உயரம் அவர்களுக்கே தெரியாமல் குறைந்துகொண்டு வருகிறது. வெற்றிலை பாக்குப் பழக்கம் இருந்தால் தேய்மானம் இன்னும் வேகம். எப்போதும் ஒரே பக்கம் அடக்குவதால் செட் ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்து கோணலாகிவிடும். கொட்டைப்பாக்கைச் செட்டால் உடைப்பது தகட்டுக்கும் ஆகாது. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்திருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் சரியாகச் செய்தும் கடைசியில் ஒரு பிசகு தானாக வந்து சேரும். மெழுகில் அடுக்கிய பல்லை அக்ரிலிக்கில் வேகவைத்து எடுக்கும்போது, பொடியும் திரவமும் கலந்த அந்தக் கலவை கன அளவில் சுமார் 7 சதவீதம் சுருங்குகிறது. எந்த லேப் செய்தாலும் இதைத் தவிர்க்க முடியாது. மெழுகில் கச்சிதமாக இருந்த கடி, வெந்து வந்தபின் ஏதாவது ஒரு பல்லில் நூலளவு தூக்கிக்கொள்ளும். செட்டை மறுபடியும் ஆர்ட்டிகுலேட்டரில் ஏற்றி, நீலத் தாளை நடுவில் வைத்துத் தட்டி, நீலம் அழுத்தமாகப் பட்ட இடத்தை ராவிவிடுவது இதற்காகத்தான். வாயிலேயே தாளை வைத்துக் கடிக்கச் சொல்லிப் பார்ப்பதும் உண்டு. ஆனால் வாயில் செட் ஈறின்மேல் அமிழ்ந்து கொடுத்து நீலத்தை எல்லாப் பல்லிலும் பூசிவிடும். குற்றவாளி மறைந்துகொள்வான்.

நோயாளிகள் மட்டுமல்ல, அவசரத்தில் சில மருத்துவர்களும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. கீழ் ஈறில் ஒரு இடத்தில் புண். உடனே அந்தப் புண்ணுக்கு நேரே இருக்கும் அக்ரிலிக்கைச் சுரண்டுகிறார்கள். இரண்டு நாள் ஆறும். மறுபடியும் வரும், பக்கத்தில் ஒன்று புதிதாகவும் வரும். புண் கீழே இருக்கிறது. காரணம் மேலே, ஒரு பல் மற்றவற்றுக்கு முன்னால் தொடுவதில் இருக்கலாம். அந்த ஒரு பல் தொட்டவுடன் செட் நழுவுகிறது, நழுவிய செட் ஈறில் உரசுகிறது. அடியைச் சுரண்டச் சுரண்டப் பிடிதான் தளரும். பல்லைத்தான் ராவ வேண்டும்.

கேரளத்தில் 'மந்தஹாசம்', கர்நாடகத்தில் 'தந்த பாக்ய' என்று ஏழை முதியவர்களுக்கு அரசே இலவசமாகப் பல் செட் கட்டிக்கொடுக்கும் திட்டங்கள் வந்தன. நல்ல காரியம். நம் பக்கத்தில் நடக்கும் முகாம்களும் அப்படித்தான். ஆனால் செட்டைக் கையில் கொடுத்து அனுப்புவதோடு கணக்கு முடிந்துவிடக் கூடாது. கடியைச் சரிபார்க்கும் அடுத்தடுத்த வருகைகளுக்கும் திட்டத்தில் இடமும் பணமும் வேண்டும். கட்டிக்கொடுத்த செட் எத்தனை என்பதைவிட ஆறு மாதம் கழித்து வாயில் இருக்கும் செட் எத்தனை என்று எண்ணினால் நன்றாயிருக்கும்.

இம்ப்ளான்ட் வழி ஒன்று இருக்கிறது. கீழ்த் தாடையில் இரண்டு திருகு வைத்து அதன்மேல் செட்டைப் பொருத்துவதே பொக்கை வாய்க்கு முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். செலவை நினைத்தால் வன்னியம்பட்டிக்கு அது இன்னும் தூரத்து விஷயம்தான்.

கடைசியில், கடியின் ஒரு பங்கு கட்டியவர் கையில் இருக்கிறது. ஒரு பக்கமே மெல்லும் பழக்கத்தை விட்டு, சின்னக் கவளமாக எடுத்து, பாதியை வலப்பக்கமும் பாதியை இடப்பக்கமும் வைத்து ஒரே நேரத்தில் மென்றால் சாய்வு பெருமளவு குறையும். பழத்தை முன்பல்லால் கடிக்காமல் கத்தியால் நறுக்கிக் கடைவாயில் போட வேண்டும். முதல் வாரம் குழைந்த சோறு, இட்லி. பிறகு சப்பாத்தி, வேகவைத்த காய். ஆறு முதல் எட்டு வாரத்தில் நாக்கும் கன்னமும் புதுச் செட்டைத் தாங்கிப் பிடிக்கக் கற்றுக்கொள்ளும். காராச்சேவை அதற்குமேல் பார்த்துக்கொள்ளலாம். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், ஈறுக்கும் ஓய்வு தேவை.

புண் வந்தால் உப்புத்தாளும் அரமும் எடுத்துக்கொண்டு வீட்டிலேயே ராவ உட்காரக் கூடாது. செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மருத்துவரிடம் போவதும் பிரயோஜனமில்லை. அதற்குள் ஈறு ஆறியிருக்கும், எந்த இடம் உரசியது என்று அவருக்குத் தெரியாது. போவதற்கு முந்தின நாளே மாட்டிக்கொண்டு, அதோடு சாப்பிட்டு, மாட்டியபடியே போக வேண்டும்.